பலகைக்கு வைத்த பொட்டு

கொண்டந்தாங்கல் மடத்துக்கு நல்லம்மை என்ற அம்மா குரு. அவருடைய சீடர் ஏகாம்பரம், குருவைவிட வயதில் மூத்தவர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்தான் போனதே தவிர, சட்டைப்பையில் விசில் அப்படியே இருந்தது.

ஞானம் வேண்டும் என்று வந்து நின்றவருக்கு அம்மா கொடுத்தது ஒரு சாவி. மடத்தின் பழைய நெல் களஞ்சியத்துச் சாவி.

"ஊரைச் சுத்திப் பழங்கல்லு, தாழி, செப்பேடுன்னு என்னென்னமோ கேட்பாரில்லாம கிடக்குது. அதையெல்லாம் இதுக்குள்ள கொண்டுவந்து பார்த்துக்குங்க, கண்டக்டர்."

"ஞானம்?"

"இடம் இருந்தா அதையும் வச்சுக்கலாம்."

களஞ்சியம் பழம்பொருள் கூடம் ஆயிற்று. கூட வேலை செய்ய ஊரிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. மத்தியானம் மடத்துச் சாப்பாடு, அவ்வளவுதான். ஏகாம்பரம் பயிற்சி முகாமுக்குப் போய் வட்டெழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். எதையும் தேய்க்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும், எங்கே எப்படிக் கிடைத்தது என்று கேட்டு வைக்க வேண்டும். மூன்றும் அவருக்கு மந்திரம்.

கூடத்தில் நான்கு நடுகற்கள் இருந்தன. நான்காவதுதான் அவருடைய உயிர். இடுப்பு உயரக் கல். கையில் வில்லோடு ஒருவன், மார்பில் தைத்த அம்பு, காலடியில் இரண்டு மாடு. மேலே மூன்று வரி எழுத்து. வெள்ளச்சி என்பவளுடைய நிலத்து வேலியோரம் நின்றிருந்தது. சாலையை அகலமாக்க மண் அள்ளும் இயந்திரம் வந்தபோது, அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தவர் ஏகாம்பரம்தான்.

அப்போது கல்லின் மேல் எண்ணெயும் கற்பூரப் புகையும் சேர்ந்து விரல் கனத்துக்கு ஏடு படிந்திருந்தது. மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து பக்குவமாக ஊறவைத்து எடுத்தார்கள். உள்ளே இருந்து எழுத்து வந்தது. நேற்று வெட்டின மாதிரி வந்தது.

அதைப் பார்த்து மகிழ்ந்துபோன தொல்லியல் துறை அதிகாரி, அடுத்த முறை வந்தபோது கல்லின் தோளில் எண்ணெய் வழிவதைப் பார்த்தார்.

"என்ன ஏகாம்பரம் இது?"

"ஜனங்க வந்து வச்சிடுறாங்க சார்."

"இன்னொரு தடவை எண்ணெயைப் பார்த்தேன்னா, இங்க பாதுகாப்பு இல்லைன்னு எழுதிட்டுக் கல்லை மாவட்டத்துக்கு ஏத்திட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது."

அன்று தொடங்கியது ஏகாம்பரத்தின் பாடு.

முதலில் ஒரு பலகை எழுதி மாட்டினார். 'தொடாதீர்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள்.' சிவப்பு மையில், கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே கல்லில் இருந்த மூன்று வரியையும் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்துக்குத் திரும்பினார். கல்லில் எண்ணெய் இருந்தது. பலகையின் நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு இட்டிருந்தது.

நேரே மடத்துக்கு ஓடினார். அம்மா சமையற்கட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா! பலகைக்குப் பொட்டு வச்சிருக்காங்க!"

"எழுத்து நல்லா இருந்திருக்கும்."

"எண்ணெய் ஊத்தாதேன்னு எழுதியிருக்கேன்மா!"

"சாமி பக்கத்துல எழுதி வச்சா, சாமி சொன்னதுன்னு நினைச்சிருப்பாங்க. உக்காருங்க, இந்தக் கட்டை உருவுங்க."

ஏகாம்பரம் கீரை உருவினார். பாதிக் காம்பும் சேர்ந்தே வந்தது.

பலகை சரிப்படவில்லை என்று, கல்லைச் சுற்றி நாலு கம்பி நட்டு நீலநிற நைலான் கயிறு கட்டினார். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் கயிற்றில் மஞ்சள் துணியால் சின்னச் சின்னத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மா! கயித்துல தொட்டில் கட்டிட்டாங்க!"

"குழந்தை பொறந்தா வந்து சொல்லுங்க."

"அம்மா, விளையாடாதீங்க!"

"நான் எங்க விளையாடுறேன்? கயிறு கட்டினது நீங்க."

வீட்டில் வாயைத் திறக்காமல் தன் பென்ஷனைப் போட்டுக் கண்ணாடிப் பெட்டி செய்தார். கல்லுக்கு நாலு பக்கமும் கண்ணாடி, காற்றுப் போக மேலே மட்டும் திறப்பு. இப்போது என்ன செய்வார்கள் என்று பார்க்கலாம் என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஜனங்கள் கண்ணாடிக்கு மாலை போட்டார்கள். பெட்டிக்கு முன்னால் கோலம் போட்டார்கள். மேல் திறப்பு வழியாகக் கையை விட்டு எண்ணெயைச் சொட்டினார்கள். கை எட்டாதவர்கள் கரண்டியைக் கம்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஏகாம்பரம் மடத்துக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"கண்ணாடி போட்டும் கேட்கலைம்மா."

"வேலியோரத்துல இருந்தப்ப அவனுக்குக் கூரைகூட இல்லை. நீங்க கருவறையே கட்டிக் குடுத்திருக்கீங்க. எப்படிக் கேட்பாங்க?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பாங்க. குருவம்மா சொன்னாங்கன்னா ஊரே கேட்கும். சொல்ல மாட்டேங்கிறீங்களே!"

அம்மா கீரைக்கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

எல்லாரையும்விட அவர் உயிரை வாங்கியவள் வெள்ளச்சி. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிற வழியில் தினமும் வருவாள். முந்தானையில் எண்ணெய்ப் புட்டி முடிந்திருக்கும். அவளைக் கண்டாலே ஏகாம்பரத்தின் கை விசிலுக்குப் போகும்.

அந்த வியாழக்கிழமையும் வந்தாள். மறுநாள் அதிகாரி வருவதாகத் தகவல் வந்திருந்தது. ஏகாம்பரம் விடியற்காலையிலேயே வந்து பஞ்சால் ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுத்து முடித்து, வாசலில் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதினார்.

"இன்னாய்யா, டிக்கெட் வாங்கணுமா?" என்றாள் வெள்ளச்சி.

"உள்ள வா, பாரு, கும்பிடு. எண்ணெய் மட்டும் கூடாது."

"எண்ணெய் இல்லாம வேடியப்பனை எப்படிக் கும்பிடுறது?"

"அது வேடியப்பன் இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது? அவன் மனுஷன். மாடு மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்துப்போன ஆளு."

"செத்துப் போனான்னு உனக்கே தெரியுதுல்ல? செத்தவனுக்கு விளக்கு வைக்காம, கண்ணாடிக்குள்ள போட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா? உங்க ஊட்ல அப்படித்தான் செய்வீங்களா?"

"எங்க வீட்டைப் பத்திப் பேசாத!"

"எங்க ஊட்டுச் சாமியை நீ மட்டும் டிராக்டர்ல ஏத்திக்கினு வருவ. நான் உங்க ஊட்டைப் பத்திப் பேசக்கூடாதா?"

"நான் ஏத்திட்டு வரலைன்னா மிஷின் அவனைத் தூள் பண்ணியிருக்கும்!"

"அதுக்குத்தான் உன் பேரைச் சொல்லி ஒரு சொட்டு சேத்து வைக்கிறேன். தெரியுமா உனக்கு?"

ஏகாம்பரம் ஒரு கணம் தடுமாறினார். அந்த ஒரு கணம் போதும் அவளுக்கு. நாற்காலிக்கும் நிலைக்கும் நடுவே ஆட்டுக்குட்டி மாதிரி நுழைந்து உள்ளே போய்விட்டாள். இவர் எழுந்து திரும்புவதற்குள் புட்டி கவிழ்ந்துவிட்டது. பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்த எழுத்து மூன்று வரியிலும் எண்ணெய் மெதுவாக இறங்கியது.

அவர் விசிலை எடுத்து ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். மடத்து மாடுகள் மிரண்டு கத்தின.

பொழுது சாய்கிற நேரத்தில் ஏகாம்பரம் மடத்துக்கு வந்தார். சாவியை அம்மாவுக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் விசிலையும் வைத்தார்.

"என்னால ஆகாதும்மா. நாளைக்கு அந்தாளு வருவாரு, எண்ணெயைப் பார்ப்பாரு, கல்லை ஏத்திட்டுப் போவாரு. என் கண்ணால அதைப் பார்க்க முடியாது. இந்த ஊருக்கு எதையும் காப்பாத்திக் குடுக்க முடியாது. எனக்கு ஞானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அம்மா சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. போறதுக்கு முன்னால அந்தக் கல்லையெல்லாம் ஒரு தடவை எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க. நீங்க படிச்சு நான் கேட்டதே இல்லை."

இருவரும் கூடத்துக்குப் போனார்கள். ஏகாம்பரம் முதல் கல்லுக்கு முன் நின்றார்.

"இது... 'கோ' இருக்குது. அப்புறம் ஒண்ணும் இல்லை. கடைசியில ஒரு 'கல்'. அவ்வளவுதான்."

"நடுவுல?"

"பம்ப்செட்டுத் தொட்டியோரம் கிடந்ததும்மா இது. துணி துவைச்சே தேய்ச்சுட்டானுங்க."

"யாரு?"

"யாருன்னு சொல்றது? ஊரேதான்."

இரண்டாவது கல்.

"இது ரேஷன் கடைக்குப் படியா கிடந்தது. ஆளோட உருவமே கால்மிதியில போயிடுச்சு. எழுத்துல ஒரு கொம்பு தெரியுது பாருங்க. அது எந்த எழுத்தோட கொம்புன்னு அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

மூன்றாவதைக் காட்டும்போது அவர் குரல் உயர்ந்துவிட்டது.

"இதைப் பாருங்க. உளி வச்சுப் பிளந்திருக்கான். பாதி இங்க இருக்கு, மீதிப் பாதி எவன் வீட்டு அஸ்திவாரத்துல கிடக்குதோ! மாடு மட்டும் நிக்குது, மீட்ட ஆளைக் காணோம். மனுஷங்களாம்மா இவங்க?"

"இது?" என்றார் அம்மா.

நான்காவது கல். எண்ணெய் வழிந்த எழுத்துகள் சாயங்கால வெளிச்சத்தில் பளபளத்தன. ஏகாம்பரம் பெட்டியை நெருங்கவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே கடகடவென்று வாசித்தார். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, எந்த ஊர்க்காரன், யார் மகன், கடைசியில் 'விண்ணன் தொறு மீட்டுப் பட்டான் கல்' என்பது வரைக்கும்.

"தொறுன்னா?"

"மாட்டு மந்தைம்மா. விண்ணன்னு ஒருத்தன் ஊர் மாட்டை மீட்டுட்டுச் செத்திருக்கான்."

"ஓரெழுத்துகூடத் தேயலையே. இது எங்க கிடந்தது?"

"வெள்ளச்சி நிலத்து வேலியோரம்."

"அங்க யாரும் துணி துவைக்கலையா?"

"சாமின்னு எண்ணெய் வச்சிருக்காங்க, அது மேல எவன் துணி..."

ஏகாம்பரம் நிறுத்திக்கொண்டார்.

இன்னும் கோபம் தணியாத குரலில் சொன்னார். "அதெல்லாம் சரிம்மா. அந்தக் காலத்துக்கு அது சரி. இப்ப? நாளைக்குக் கல்லு போயிடுமே. அதுக்கு என்ன பதில்?"

அம்மா கூடத்தைப் பூட்டினார். சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். விசில் மட்டும் மடத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை அம்மா ஆள் அனுப்பிக் கூடத்தைத் திறந்து வைத்திருந்தார். அதிகாரி வந்தார். பின்னாலேயே ஒரு சின்ன லாரியும் வந்தது. ஏகாம்பரம் வரமாட்டேன் என்று சொன்னவர்தான். ஆனால் எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல வெள்ளச்சியும் இருந்தாள், வெள்ளிக்கிழமை ஆனதால் கையில் நிறைந்த புட்டியோடு.

அதிகாரி உள்ளே போன வேகத்தில் திரும்பினார்.

"சொல்லியும் கேட்கலை இல்ல? பலகைக்குப் பொட்டு! கயித்துல தொட்டில்! இது என்ன கூடமா, கோயிலா? ஏத்துங்கய்யா கல்லை!"

லாரியிலிருந்து இறங்கிய சுமைக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். கல்லுக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றுவிட்டார்கள்.

"என்னய்யா நிக்கிறீங்க?"

"ஒரு கற்பூரம் காட்டி உத்தரவு வாங்கிக்கிறோம் சார். அப்புறம் தூக்குறோம்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்குமா! ஏகாம்பரம், இந்தக் கல்லுக்கு யாருதான்யா பொறுப்பு? இங்க பொறுப்புள்ள ஆள் ஒருத்தர்கூடவா இல்லை?"

ஏகாம்பரம் கையை நீட்டி வெள்ளச்சியைக் காட்டினார்.

"இவங்கதான் சார்."

"அடப்பாவி! காட்டியா குடுக்கிற?" என்று கத்தினாள் வெள்ளச்சி.

"இல்லம்மா. சார், அந்த மூணு கல்லையும் ஒரு தடவை பாருங்க. பம்ப்செட்டு, படி, அஸ்திவாரம். அதுங்களுக்குப் பொறுப்புன்னு யாரும் இல்லை. இதுக்கு இவங்களும் இவங்க ஜனங்களும் இருந்தாங்க. எழுத்து மேல எண்ணெய் கூடாதுங்கிறது வாஸ்தவம். ஆனா யாரு பொறுப்புன்னு கேட்டீங்க. அதுக்கு நான் பொய் சொல்ல முடியாது."

அதிகாரி எழுத்து படித்தவர். அவர் முதல் கல்லுக்கு முன்னால் போய்க் குனிந்தார். அப்புறம் இரண்டாவது. மூன்றாவதன் வெட்டுப்பட்ட விளிம்பைத் தடவிக்கொண்டு சற்று அதிக நேரம் நின்றார். வரும்போது சத்தம் குறைந்திருந்தது.

"அதுக்காக விண்ணன் பேரு எண்ணெயில மூழ்கட்டும்னு விட்டுட முடியுமா?"

"யாரு பேரு?" என்றாள் வெள்ளச்சி.

அவள் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னாய்யா, யாரு பேரு சொன்னாரு?"

ஏகாம்பரம் பெட்டிக்குள் கையை விட்டு, கல்லைத் தொடாமல், மூன்றாவது வரிக்கு நேராக விரலைப் பிடித்தார். "விண்ணன். இதோ, இங்க எழுதியிருக்குது. உங்க வேடியப்பன் பேரு."

"எங்க வேடியப்பனுக்குப் பேரு இருக்குதா?"

"இருக்குது. ஊரு இருக்குது. அப்பன் பேருகூட இருக்குது."

வெள்ளச்சி அந்த இடத்தையே பார்த்தாள். அவள் பார்வைக்கு அது வெறும் கீறல்தான். ஆனாலும் பார்த்தாள்.

"விண்ணன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள். ஏகாம்பரத்தின் மேல் பாய்ந்தாள்.

"ஏன்யா, இத்தன மாசம் இதைச் சொல்லாம விசில் ஊதிக்கினு இருந்தியே, உனக்கு நல்லாயிருக்குதா? எங்க அப்பனுக்குத் தெரியல, பாட்டனுக்குத் தெரியல, பேரு தெரியாமலே செத்துப் போச்சுங்க. உனக்குத் தெரிஞ்சிருக்குது, வாயத் தொறக்கல!"

"பலகையில எழுதியிருந்தேனேம்மா..."

"பலகைய நான் படிச்சேனா? பலகைக்குப் பொட்டுதான் வச்சேன்!"

சொல்லிவிட்டு முந்தானை நுனியை எடுத்துக் கையை உள்ளே விட்டாள். ஏகாம்பரமும் அதிகாரியும் ஒரே குரலில், "தேய்க்காதே!" என்று அலறினார்கள். அவள் தேய்க்கவில்லை. கண்ணீரை ஒற்றுவதுபோல் ஒற்றினாள். மூன்று வரியும் ஒற்றினாள்.

"அவன் பேரு மேல போயா நான் எண்ணெய ஊத்திக்கினு இருந்தேன்? இனிமே காலாண்ட ஒரு அகல் வைக்கிறேன், தரையில. அது உனக்கு ஆவுமா சார்?"

அதிகாரி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், தொட்டில்களைப் பார்த்தார், கைகட்டி நிற்கும் சுமைக்காரர்களைப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"தரையில. கல்லுல பட்டுதுன்னா மறுபடி லாரி வரும்."

"லாரி வந்தா வரட்டும். தூக்குற ஆளுங்க விண்ணன்கிட்ட உத்தரவு கேக்கணும்ல" என்றாள் வெள்ளச்சி.

லாரி காலியாகத் திரும்பியது.

மத்தியானம் ஏகாம்பரம் மடத்துக்கு வந்தார். அம்மா கீரை உருவிக்கொண்டிருந்தார். சாவியும் விசிலும் பக்கத்தில் கிடந்தன. ஏகாம்பரம் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகும் போகவில்லை. மனசு ஆறவில்லை.

"அம்மா, உங்களுக்கு எல்லாம் முன்னாலயே தெரிஞ்சிருக்கு. நான் எத்தனை தடவை வந்து புலம்பினேன். கண்ணாடி, கம்பி, கயிறுன்னு அலைஞ்சேன். ஊர் சிரிச்சுது. நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அம்மா ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் தள்ளினார்.

"சொல்லியிருந்தா அதையும் ஒரு பலகையில எழுதி மாட்டியிருப்பீங்க, கண்டக்டர். வெள்ளச்சி அதுக்கும் பொட்டு வச்சிருப்பா."